கறாரக்கா போடாத கையெழுத்து

என் மனைவியைக் கிடங்கில் எல்லோரும் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியில் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று பல நாள் வகுப்புக்கு வெளியே நின்றவள். இந்தப் பெயர் அவளுக்குக் கொஞ்சம் குறைவுதான். கிடங்கின் கம்ப்யூட்டர், வைஃபை எல்லாம் அவள் பொறுப்பு. நான் அங்கேயே சரக்கு வண்டி ஓட்டுகிறேன்.

பெட்டிகளை ஸ்கேனரால் பதிந்து அடுக்குவது பெண்கள் வேலை. காலை ஷிஃப்டுக்கு ஒரு செட் ஸ்கேனர், மதியத்துக்கு வேறு செட். கொஞ்ச நாளாக மதிய செட் முரண்டு பிடித்தது. சிக்னல் முழுசாக இருக்கும். ஆனால் திரையில் 'முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் கிளம்பியதும் தானாகச் சரியாகிவிடும்.

மேனேஜருக்கு அதுவே போதும். வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல் சாக்கு, இவர்களுக்கு மெஷின்மேல் சாக்கு என்றார். தான் இருக்கும்வரை ஓடாதாம், போனதும் ஓடுமாம். மதிய ஷிஃப்ட் பெண்கள் மூன்று பேரை வேலையைவிட்டு அனுப்பப்போவதாகச் சொல்லி, அவர்கள் கீழே போட்டுத்தான் ஸ்கேனர்கள் பழுதாயின என்று எழுதிய ஒரு தாளை என் மனைவியிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

"பாக்காம போட மாட்டேன் சார்."

"போடலன்னா அவங்களோட நீயும் கிளம்பு."

"சரி சார்."

பக்கத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நான் பெட்டியை வைத்துவிட்டு அவள் பக்கம் நகர்ந்தேன். போட்டுத் தொலையேன் என்று முணுமுணுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

ஒரு ஸ்கேனரை அணைத்துப் போட்டாள். வைஃபை பெட்டிக்கு நேர் கீழே கொண்டுபோய்ப் பிடித்தாள். அப்போதும் சுற்றல்தான். பிறகு, தானாக வரவேண்டிய முகவரிக்குப் பதிலாக, தனியே ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைக் கையாலேயே தட்டிக் கொடுத்தாள். உடனே பீப் என்றது. ஸ்கேனரில் ஒரு குறையும் இல்லை. கொடுக்கிற இடத்தில்தான் கை காலி.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும்; வைஃபை பெட்டியிடம் அவை அளவாகத்தான் இருக்கும். யார் யாருக்குப் போயிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தால் பாதிக்குமேல் ஃபோன்கள். மேனேஜர் தன் அறைப் பலகையில் பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். ஆபீஸ்காரர்கள், வந்துபோகிறவர்கள் எல்லோரும் அதில்தான். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? விடிந்ததும் வருகிற காலை ஷிஃப்ட் பிழைத்துக்கொண்டது. மதியம் வருகிறவர்களுக்கு மிச்சமில்லை. அவர் இருக்கும்வரை ஓடாது என்பது சத்தியமான வார்த்தை.

போய்ச் சொன்னாள். அதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் கையெழுத்து என்றார். அப்போதுதான் எனக்கும் ரத்தம் கொதித்தது.

அவள் திரும்பி வந்து, ஸ்கேனர்களைத் தவிர எல்லாவற்றையும் துண்டித்து, மறுபடி நுழையாமல் தடுத்தாள். முதலில் போனது என் ஃபோன். கேட்டதற்கு, உங்களுக்கென்ன தனிச் சட்டமா என்றாள். மதிய செட் வரிசையாகப் பீப் பீப் என்றது. அந்த மூவரில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சற்று நேரத்தில் மேனேஜர் தன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"இதுல நெட்டே வரல. என்னன்னு பாரு."

அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தித் திரும்பினார்கள். என் மனைவி அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள். பேனாவைத் திறந்து நீட்டினாள்.

"கீழ போட்டீங்களா சார்?"