கூவக் கூடாத சந்தை

தொண்ணூறுகளில், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாரச்சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தேன். சந்தையைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர், இனி யாரும் கூவி விற்கக் கூடாது, விலையைப் பலகையில் எழுதி வைத்தால் போதும் என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரியென்று, அந்த வாரம் நாங்கள் ஒருவர்கூட வாயே திறக்கவில்லை.

சத்தமே இல்லாததால், "ஏனுங்க, இன்னிக்குச் சந்தை இல்லீங்களா?" என்று வாசலில் கேட்டுவிட்டுப் பலர் திரும்பிப் போனார்கள். பதறிப்போன குத்தகைக்காரர் என்னிடம் ஓடிவந்தார்.

"கூவுங்க அம்மணி!"

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "மொதல்ல நீங்க கூவுங்க. அப்பறம் நாங்க கூவறமுங்க."

"தக்காளீ... தக்காளீ!" என்று அவர் போட்ட சத்தத்தில் சந்தையே சிரித்தது. பிறகு நாங்களும் கூவினோம்; கூட்டம் வந்தது, என் கூடையும் காலி.

எதிர்த்துப் பேசினால் பகைதான் மிஞ்சும் என்று அதுவரை பயந்திருந்தேன். அடுத்த வாரம் அவரே என் கடைமுன் வந்து நின்று, கூச்சத்தோடு கேட்டார்: "நானும் ஒருக்கா கூவட்டுங்களா?"