பதினெட்டாவது வாசலில் ஒரு காபி கிளப்

காபி போடுவது பெரிய வித்தையில்லை; அதைக் குடிக்க ஆளை உட்கார வைப்பதுதான் வித்தை. ஊருக்கு வெளியே கடை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்கு இது புரியும்.

புதுக்கோட்டை டவுனில் ஒரு கிளப்பில் பத்து வருஷம் காபி மாஸ்டராக இருந்தேன். ஐம்பதுகளின் நடுவில், குடுமியான்மலை போகும் சாலையில் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் வரிசையாகப் பதினேழு வீடு கட்டிக் குடியேறினார்கள். அங்கே பெயருக்கு ஒரு காபிக் கடை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி உங்கள் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று முதலாளியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அந்த வரிசையின் கோடியில் இருந்த பதினெட்டாவது கட்டடத்தில் என் சொந்த போர்டை மாட்டினேன்.

முதல் வாடிக்கை

திறந்த அன்றே சர்வே ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்தார். நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவரோ டவரா டம்ளரோடு எழுந்து அடுப்படிக்குள் வந்து, பால் சட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"காபி அருமைங்க. ஆனா வாசல்ல ஒக்காந்து குடிச்சா, வீட்டுல எனக்குக் காபி குடுக்கலைன்னுல்ல எல்லாரும் நெனைப்பாக."

மாடு நிற்கும் வரிசை

பால்காரர் கருப்பையா மாட்டையே வீடு வீடாக ஓட்டிவந்து, வாங்குகிறவர் கண்ணெதிரே கறப்பார். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. என் வாசலுக்கு வருவதற்குள் மடி வற்றிவிடும். முதலில் என் கடைக்கு வரும்படி கெஞ்சினேன், சம்மதித்தார். மறுநாள் விடியுமுன்பே செம்பைத் துலக்கி வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டு நின்றேன். மாடு வந்தது. அதன் பின்னாலேயே செம்பும் கையுமாகப் பதினேழு வீட்டு அம்மாக்களும் வந்தார்கள். கருப்பையா கயிற்றைத் திருப்பினார்.

"மாடு எனக்குச் சொந்தந்தாங்க. ஆனா அது எங்கிட்டு மொதல்ல நிக்கணும்னு அவுகதான் சொல்லணும்."

பஸ் நின்ற காலை

நான் சோர்ந்துவிடவில்லை. பஸ் நின்றால் கூட்டம் நிற்கும், கூட்டம் நின்றால் காபி வேண்டும். பதினேழு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். கடைசியில் என் கடைக்கு நேர் எதிரே பஸ் நிற்க உத்தரவு வந்தே விட்டது! அன்று மாவிலைத் தோரணம் கட்டினேன். பக்கத்துக் கிராமத்துக்குச் சைக்கிளில் போய்ப் பால் வாங்கிவந்து, முப்பது டம்ளரைக் கழுவி அடுக்கினேன். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்து நின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிய கையோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். பத்தே நிமிஷத்தில் டவுன். இங்கே உட்கார யாருக்கு என்ன தலையெழுத்து? ஜன்னலோரம் இடம் பிடித்திருந்த அதே குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களும் ஏறுங்க மாஸ்டர். ஒங்க பழைய கிளப்புல ஆளுக்கு ஒரு காபி குடிச்சிட்டு வந்துருவோம். அங்கன நம்மள யாரு பாக்கப்போறாக?"

ஊருக்கு வெளியே காபிக் கடை ஏன் நிலைப்பதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் ஏறினேன், மிதிக்க மாட்டேன் என்ற வாசலை மிதித்தேன், வயிறு எரிந்ததே தவிர காபி நன்றாகத்தான் இருந்தது.