வாசல் எந்தப் பக்கம்

எங்கள் பக்கம் ரயில் இன்னும் வரவில்லை. அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் வழியாக, வேலைக்குப் போகிறவர்கள் காலையில் ஏறிப் போய் மாலையில் திரும்புகிற மாதிரி ஒரு பாதை. நாலைந்து கிராமத்துக்கு ஒரு நிலையம். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் கடை, பேருந்து நிற்கும் இடம், புது வீடுகள் என்று ஒரு குட்டி டவுன். திட்டம் இதுதான். அதில் ஒரு நிலையம் எங்கள் ஏரிக்குப் பக்கத்திலேயே வருகிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

நான் தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பேருந்து நிற்பது ஊருக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டில். நாங்கள் இருப்பது காலனியில். நடுவில் ஊர்த்தெரு. அந்தத் தெருவில் வராதே என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு நான் தனியாக நடந்து வந்தால், வாசலில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சு சட்டென்று நிற்கும். நான் தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்கும். அந்த இடைவெளிக்குப் பயந்தே எங்கள் ஆட்கள் பாதிப்பேர் ஏரிக்கரையைச் சுற்றி வருவார்கள். நான் சுற்ற மாட்டேன். வீம்புதான். தினமும் வீம்பாக நடப்பது எவ்வளவு அசதி என்பது நடப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பாதை ஊருக்கும் காலனிக்கும் நடுவில் போகும் என்றார்கள். அப்படியென்றால் நிலையத்துக்கு வாசல் எந்தப் பக்கம்? ஊர்ப்பக்கம் மட்டும் வைத்தால், ரயில் ஏறுவதற்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும், கூடுதலாக ஒரு தண்டவாளத்தையும் சுற்றிக்கொண்டு. எங்கள் பக்கமும் ஒரு வாசல் வைத்தால் நான் இறங்கி நேரே வீட்டுக்குப் போய்விடலாம். யாருடைய பேச்சும் நிற்காது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாசல் மட்டும்தான். மற்றபடி அந்த ரயில் எத்தனை பெட்டி, என்ன நிறம் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

திட்டம் போடுகிறவர்கள் மக்கள் கருத்தைக் கேட்க ஒருநாள் வந்தார்கள். கூட்டம் வைத்தது ஊர்க் கோயில் மண்டபத்தில். பெரிய இடம், ஃபேன் ஓடும், வண்டி நிறுத்தலாம். வெளியூர்க்காரர்களின் கண்ணுக்கு அதைவிடப் பொதுவான இடம் கிடைத்திருக்காது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் மண்டபத்துக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றிருந்தார்கள், அப்பா உட்பட. யாரும் அவர்களை வெளியே நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க்காரர்கள் மேல் அல்ல, அப்பா மேல். உள்ளே வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். காற்று இங்கேதான் நன்றாக வருகிறது என்றார்.

உள்ளே சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம். வானத்திலிருந்து எடுத்தது. ஏரி, தெரு, கூரை எல்லாம் அதில் தெரிந்தன. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு இளம்பெண் எல்லாருக்கும் பச்சை நிறப் பொட்டு ஸ்டிக்கர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிலையத்தோடு சேர்ந்து வரும் வசதிகள் எங்கே வேண்டுமோ அங்கே ஒட்ட வேண்டுமாம். நான் போனபோது ஊர்ப்பக்கம் முழுக்க அங்கங்கே பச்சை. காலனிப் பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. எல்லாரும் ஒட்டியாகிவிட்டது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட்டத்தை முடித்துவைக்கப் பார்த்தார்.

"இன்னும் பாதிப்பேரு வெளிய நிக்கறாங்க மேடம்," என்றேன். "அவங்க இதுக்குள்ள வரமாட்டாங்க. படத்த வெளிய கொண்டாங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு புளியமரத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, ஒரு கேள்வியும் கேட்காமல் படத்தைக் கழற்றினாள். ஒரு முனையை அவளும் ஒரு முனையை நானும் பிடித்து வெளியே கொண்டுவந்து, அவர்கள் வந்த ஜீப்பின் பானட் மேல் விரித்தோம்.

எங்கள் காலனியை மேலிருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதலில் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு கூரையாக எண்ணிக்கொண்டே போனார்கள். இது என் வீடு, இல்லை இது உன் மாட்டுக் கொட்டகை என்று ஒரே அமர்க்களம். வாசல் வேண்டிய இடத்தில் ஒட்டச்சொல்லித் தொண்டை வற்றக் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. அவரவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒட்டினார்கள். அப்பா எங்கள் கூரை மேல் வைத்துக் கட்டைவிரலால் நாலு தடவை அழுத்தினார். எங்கள் பக்கமும் பச்சை விழுந்தால் சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். என்னுடையதை அப்பாவுடையதற்குப் பக்கத்தில் ஒட்டினேன். வாசல் விஷயத்தை மட்டும் அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்கள் ஆட்கள் ஒரு அரசாங்கக் கூட்டத்திலிருந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சில மாதம் கழித்து, வரைவுத் திட்டத்தைக் காரிமங்கலத்தில் ஒரு கூடத்தில் பார்வைக்கு வைத்திருப்பதாகத் தெரிந்தது. வேலை முடிந்து அப்படியே போனேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு வேகமாக வந்தாள்.

"அக்கா, நீங்க கேட்ட வாசல் வந்துடுச்சு."

உண்மைதான். வரைபடத்தில் தண்டவாளத்துக்கு மேல் ஒரு நடைபாலம், எங்கள் பக்கம் இறங்கினால் அகலமான ஒரு வாசல். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாசலுக்கு எதிரே இளநீல நிறத்தில் பெரிய கட்டம் ஒன்று இருந்தது. பேருந்து நிற்கும் இடம், வண்டி நிறுத்தம், கடைகள் என்றாள். நான் தண்ணீர்த் தொட்டியைத் தேடினேன். அது இல்லை. அதிலிருந்து எண்ண வேண்டிய கூரைகளும் இல்லை.

இங்கே எங்கள் வீடுகள் இருக்கின்றனவே என்று கேட்டேன். அவள் தயங்கினாள்.

"நீங்க எல்லாரும் இங்கதானே வேணும்னு ஒட்டினீங்க? மொத்தப் படத்துலயும் இங்கதான் பச்சை ஜாஸ்தி."

ஊர்க்காரர்கள் ஒட்டியது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. நாங்கள் ஒட்டியது ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். அவை ஒவ்வொன்றும் ஒருவருடைய வீடு என்று சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. இது வரைவுதான், ஆட்சேபம் சொல்லலாம், ஆபீஸில் தானே பேசுவதாகச் சொன்னாள். பேசியும் இருப்பாள். நாங்களும் ஆட்சேபம் சொல்லியிருக்கிறோம். மாற்றுவார்களா என்பது இன்றுவரை தெரியாது.

அவள் மேல் கோபப்பட முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். எங்களை ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவளோ எங்கள் விருப்பத்தை மற்றவர்கள் விருப்பத்துக்குச் சமமாக எண்ணிப் பார்த்தவள். இன்னது வேண்டும் என்று சொல்ல அந்தப் படத்தில் ஒரு நிறம் இருந்தது. நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொல்ல ஒரு நிறம் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கூரை கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகென்ன என்று இருந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒன்றையும் பார்க்கவில்லை. நான் காரிமங்கலம் போனது அப்பாவுக்குத் தெரியும். வேலைக்குப் போய்வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டு முன்னால் நின்றிருந்தார்.

"வாசல் எந்தப் பக்கம் பாப்பா?"

"நம்ம பக்கந்தாம்ப்பா."

"வூட்டுலருந்து எவ்ளோ தூரம் இருக்கும்?"

"தூரமே இல்லப்பா. நம்ம வூட்டு மேலயேதான் வருது."

கேலி செய்கிறேன் என்று நினைத்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஸ்டேஷனே நம்ம வீட்டுக்கு வருகிறதாம், என் பெண் கேட்டு வாங்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டை நோக்கி நடந்தார். பின்னாலேயே போய் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் எதிர்வீட்டிலும் சொல்லி முடிக்கும்வரை நான் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றேன்.