ஏழாவது குழியில் நான்கு

அவரை ஒத்தை என்றுதான் கூப்பிடுவோம். வயதில் சின்னவர்கள் ஒத்தையண்ணன் என்பார்கள். ஒரே ஒரு அடி கூடிப்போய் போட்டியை விட்டு வெளியேறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் வந்த பெயர். அதை வைத்த புண்ணியவான் நான்தான். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

தொலைக்காட்சியில் காட்டுகிற கோல்ஃப் வேறு, நாங்கள் ஆடியது வேறு. எங்கள் போட்டிகளுக்குக் கூட்டம் வராது. புல்வெட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பார்த்தால் அதுதான் அன்றைய கூட்டம். பையை நாங்களே தோளில் சுமப்போம். நூற்றிருபது பேர் ஆரம்பிப்போம். பதினெட்டுக் குழிகளையும் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறார்களோ அவர்களே கெட்டிக்காரர்கள். இரண்டு நாள் ஆனதும் பட்டியலில் ஒரு கோடு போடுவார்கள். அதற்குப் பெயர் கட். கோட்டுக்கு மேலே இருப்பவன் மூன்றாம் நாளும் ஆடலாம், கீழே இருப்பவன் மூட்டை கட்டலாம். ஒத்தை பதினாறு வருடங்களாக மூட்டை கட்டுவதில் தேர்ந்தவர். சட்டையை மடித்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

பதினெட்டு வயதில் ஒரு பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்டினார். சுற்றிலும் கம்பிவலை போட்ட வண்டி அது. பயிற்சிக்கு வருகிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் இலக்குக்கு நட்ட கொடியை விட்டுவிட்டு அந்த வண்டியைத்தான் குறிபார்ப்பார்கள். நாள் முழுக்க வலையில் பந்து வந்து மோதும். வேலை முடிந்தபின் மிச்ச வெளிச்சத்தில் அவர் அடித்துப் பழகினார். இரண்டே வருடத்தில், அவரைக் குறிபார்த்தவர்களில் ஒருவர்கூட அவர் பக்கத்தில் நிற்க முடியவில்லை. தொழில்முறை ஆட்டக்காரருக்கான தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார். நான் நான்காவது முயற்சியில்.

கல்யாணப் பேச்சு வந்தபோது பெண் வீட்டில், "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "விளையாடுறார்" என்று பதில் போயிருக்கிறது. "அது சரி, வேலை?" என்றாராம் மாமனார். நாற்பத்தோரு வயதிலும் அந்தக் கேள்வி அந்த வீட்டில் அப்படியேதான் இருந்தது. மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தார். வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடியது. மகள், ஒன்பது வயது. அவள் சின்னவளாக இருந்தபோது கட் என்றால் கத்தரிக்கோல் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு, போனில் "அப்பா, இந்த வாரமும் உங்களை வெட்டிட்டாங்களா?" என்று கேட்பாள். அறையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

அப்போதெல்லாம் கோபமும் படுவார். ஒருமுறை, பச்சைத் தரையில் பந்தைக் குழிக்கு உருட்டுகிற மட்டையை, பட்டர் என்பார்களே, அதைக் குளத்தில் வீசிவிட்டார். பத்து நிமிடம் கழித்து பேண்டை மடித்துக்கொண்டு அவரே இறங்கித் தேடினார். மூன்று பட்டர்கள் கிடைத்தன, அவருடையது கிடைக்கவில்லை. ஊரெல்லாம் கோபக்காரர்கள்தான் என்று சேற்றுக்காலோடு ஏறி வந்தார். கோபப்படுகிற ஆட்டக்காரனை நான் நம்புவேன். அவனுக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

பிறகு ஒரு வருடம் வந்தது. ஒரே பருவத்தில் ஒன்பது முறை, ஒன்பதும் ஒரே அடியில் போனது. முதல் மூன்று முறை திட்டினார். நான்காவதிலிருந்து "பரவால்ல" என்று சொல்ல ஆரம்பித்தார். அதோடு அந்த வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டது. பந்து தண்ணீரில் விழுந்தால் பரவால்ல. குழிக்குள் விழுந்தாலும் பரவால்ல. லாட்ஜில் வெந்நீர் வரவில்லையென்றால் பரவால்ல. முகத்தைப் பார்த்து அவர் நன்றாக ஆடுகிறாரா, சொதப்புகிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னவர்கள் அதைப் பெரிய பக்குவம் என்று பேசிக்கொண்டார்கள். பக்குவமாவது ஒன்றாவது. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி மரத்துப்போயிருந்தார் மனிதர்.

மனைவிக்கு அது தெரிந்திருந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, பருவ ஆரம்பத்தில் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாராம். "இந்த ஒரு வருஷம் போங்க. முதல் முப்பதுக்குள்ள வந்தா அடுத்த வருஷமும் போங்க, நான் வாயே திறக்க மாட்டேன். வரலன்னா வீட்டுக்கு வந்துடுங்க." பருவம் முழுக்க ஆடியதை வைத்துக் கடைசியில் போடும் பட்டியலில் முதல் முப்பது பேருக்குத்தான் அடுத்த வருடம் ஆட இடம். அவர் சரி என்றார். பரவால்ல என்றுகூடச் சொல்லியிருப்பார்.

கடைசிப் போட்டிக்கு நாங்கள் போனபோது அவர் முப்பதாவது. முப்பத்தொன்று நான். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கணக்கு எளிது. அவர் கட் கோட்டைத் தாண்டினால், நான் தாண்டினாலும் இடம் அவருக்கு. அவர் தாண்டாமல் நான் தாண்டினால் எனக்கு. எட்டு வருடங்களாக எப்போதும் போலவே ஒரே அறைதான் எடுத்தோம். மேசை விளக்கின் தலையில் அவருடைய கையுறை காய்ந்தது, ஜன்னல் கம்பியில் என் காலுறை. அவர் கண்ணாடித் தம்ளரைத் தரையில் சாய்த்து வைத்து, கம்பளத்தின் மேல் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார். டங், டங் என்று ஒவ்வொன்றும் தம்ளருக்குள் போனது.

"இந்த வாட்டி நீங்க தாண்டிட்டா நான் காலி" என்றேன், தமாஷாக.

"நீ தாண்டு. பரவால்ல" என்றார். தமாஷாகச் சொல்லவில்லை.

பட்டியலின் வரிசைப்படிதான் குழு பிரிப்பார்கள், அதனால் இரண்டு நாளும் சேர்ந்தே ஆடினோம். மூன்றாமவர் ஒரு கண்ணாடிக்காரர். மைதானத்தில் வாயே திறக்கமாட்டார். இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாரும் தன் அடிகளைத் தானே எழுதக் கூடாது. கூட ஆடுகிறவர் எழுதுவார், ஆடியவர் கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவருடைய அடிகளை எழுதும் அட்டை என்னிடம், என்னுடையது கண்ணாடிக்காரரிடம், கண்ணாடிக்காரருடையது அவரிடம். சரிபார்ப்பதற்காக, கையிலிருக்கும் அட்டையின் ஓரத்தில் தன் அடிகளைக் குறித்துக்கொள்ள ஒரு துண்டு இருக்கும். ஒத்தை முன்பெல்லாம் முத்து முத்தாக எழுதுவார். இரண்டு வருடங்களாக அந்தத் துண்டு வெள்ளையாகவே இருந்தது.

முதல் நாள் அவர் எழுபத்தொன்று. இரண்டாம் நாள் ஏழாவது குழி, ஐந்து அடியில் முடிக்க வேண்டியது. நான் மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு ஒருவழியாகப் பந்தை வெளியே எடுத்தேன். எடுத்தபின் மணலை வாரியால் இழுத்துச் சமன்செய்துவிட்டுத்தான் வர வேண்டும், அது விதி. முதுகைக் காட்டிக்கொண்டு இழுத்தேன். என் பிழைப்பே போச்சு என்று என்னையே திட்டிக்கொண்டு இழுத்தேன். திரும்பிப் பார்த்தபோது ஒத்தை குனிந்து குழியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

அடுத்த குழிக்கு நடக்கும்போது பென்சிலை எடுத்தேன். "எத்தனை?"

"அஞ்சு."

எழுதினேன்.

ஆட்டம் முடிந்ததும் கூடாரத்தில் அட்டையைக் கொடுக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் வரிசையாக வாசித்தேன். ஏழு, அஞ்சு. அவர் தலையாட்டினார். மொத்தம் எழுபத்திரண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பையை இறக்கி வைத்தார். இரண்டு நாளும் சேர்த்து அவர் நூற்று நாற்பத்து மூன்று, நான் நூற்று நாற்பத்திரண்டு.

மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் பலகையைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை மென்றோம். கோடு எங்கே விழும் என்று எல்லோரும் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு விழுந்தது. நூற்று நாற்பத்திரண்டு. நான் உள்ளே. அவர் ஒரே ஒரு அடியில் வெளியே.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நிமிடம் முழுசாகச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் தட்டோடு வந்து உட்கார்ந்து, இரண்டு நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "என்னண்ணே இது, ஒண்ணுல போச்சே. அந்த ஏழாவதுல நாப்பது அடி தூரத்துலேருந்து உருட்டிப் போட்டப்ப, நீங்க தாண்டிடுவீங்கன்னுல்ல நெனச்சேன்."

"அங்க அஞ்சுதானே?" என்றேன்.

"எப்படி அஞ்சு? மூணுல பச்சைக்கு வந்தாரு. ஒரே உருட்டுல உள்ள. நாலு."

ஒத்தை தண்ணீர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். குழியைத் தேடுகிற மாதிரி மேசையைப் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

கூடாரத்துக்கு ஓடினேன். நான் ஓடினேன், அவர் நடந்து வந்தார். அந்த அம்மா விதிப் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. குறைத்து எழுதியிருந்தால் ஆளையே நீக்கிவிடுவார்கள். கூட்டி எழுதிவிட்டால், கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபின் எழுதியதே நிலைக்கும். "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். நான் கத்தினேன். மேசையைத் தட்டினேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. ஒத்தை என் தோளில் கைவைத்து, "விடு. நான்தானே அஞ்சுன்னு சொன்னேன்" என்றார்.

அறைக்கு வந்து சட்டைகளை மடித்தார். மடித்துக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் கட்டில் மேல் வைத்தார். நடந்ததை, யாரோ ஒருத்தர் கதையைச் சொல்வதுபோல் ஒன்றுவிடாமல் சொன்னார். திட்டு விழும் என்று நான் குளியலறைப் பக்கம் ஒதுங்கினேன்.

"நாலா அஞ்சா, அது போகட்டும்" என்றது மனைவியின் குரல். "அது உள்ள போனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அவர் கையில் ஒரு காலுறையோடு நின்றார். "தெரியல. ஞாபகமே இல்ல."

போனில் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "வீட்டுக்கு வாங்க" என்றார். "சரி" என்றார் ஒத்தை. பரவால்ல என்று சொல்லவில்லை. அவர் அந்தக் காலுறையின் ஜோடியைத் தேடி மடித்து வைத்தபோது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன்.

அடுத்த வருடம் அவர் இடத்தில் நான் ஆடினேன். ஆடிக் கிழித்தது ஒன்றுமில்லை. அவருக்குப் போன் செய்யவே கை வரவில்லை. பருவம் முடிந்த வாரம் ஒருவழியாகக் கிளம்பிப் போய்ப் பார்த்தேன். பழைய பயிற்சி மைதானத்திலேயே ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். எடை கூடி, முகத்தில் வெயில் குறைந்திருந்தது. ஒரு வங்கிக்காரருக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் கம்பிவலை வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வங்கிக்காரர் கொடியை விட்டுவிட்டு வண்டியைக் குறிபார்த்தார்.

"அத அடிக்காதீங்க சார்" என்றார் ஒத்தை, கொஞ்சம் கடுமையாகவே. அந்தக் கடுமையைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் பெஞ்சில் தேநீரோடு உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த ஏழாவது. எப்படிப் போச்சு?"

நான் வாரியோடு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததை அவர் மறந்திருந்தார். அல்லது அப்போதே கவனித்திருக்கவில்லை. எழுத வேண்டியவன் நான், பார்க்க வேண்டியவன் நான். நான் பார்க்கவில்லை. பார்த்தது உலகத்தில் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். அவரும் நாப்பது அடி தூரம் என்றதோடு சரி.

"சொல்லு. வீட்ல அடிக்கடி கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல."

வாய் தானாகத் திறந்தது. "மேட்டுக்கு மேல நின்னீங்க" என்றேன். "இடது பக்கம் ரொம்பத் தள்ளி விட்டீங்க. போச்சுடா, இது எங்கயோ போகுதுன்னுதான் நெனச்சேன். பாதி தூரம் நேரா ஓடுச்சு. அப்புறம் மெதுவா வலது பக்கம் திரும்புச்சு. குழி ஓரத்துல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. நின்னுடுச்சுன்னே நெனச்சேன். அப்புறம் விழுந்துச்சு."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். கண்கள் எங்கோ பந்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த முகம் அசைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஓரத்துல நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

நான் முதலிலிருந்து சொன்னேன்.