காப்புக் கையும் மே மாதச் சட்டைகளும்

உட்காரச் சொன்னால் புவனா உட்காருவாள். கால் மட்டும் உட்காராது. பெருவிரல் தரையில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும். குதிகால் ஏறி இறங்கும். கண் வாசல்வரை போய்ப் போய் வரும்.

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். மாமன் மகன் மயில்சாமியையே கட்டிக்கொண்டதால் கல்யாணமாகியும் அவளுக்கு ஊர் மாறவில்லை. ஒரு வீதியிலிருந்து இன்னொரு வீதிக்கு வந்தாள், அவ்வளவுதான். அதை ஒரு குறையாகவே அவள் வைத்திருந்தாள். மயில்சாமி விசைத்தறி ஓட்டுகிறவன். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியதில், வீட்டில் பேசுவதில் பாதிதான் அவன் காதில் விழும். அந்தக் குடும்பம் சண்டையில்லாமல் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவள் முதலில் அவன் ஓட்டிய தறிக் குடோனிலேயே தறிக்கான நூலைத் தார்க் குச்சியில் சுற்றினாள். சலித்துப்போயிற்று. கோழிப்பண்ணைக்குப் போனாள். எல்லாக் கோழிக்கும் ஒரே முகமாக இருக்கிறது என்று நின்றுவிட்டாள். சிங்காநல்லூரில் ஒரு மில்லுக்குப் போனபோது வேலையைவிடப் பஸ் பயணம் பிடித்திருந்தது. அதற்காக யாரும் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவளுடைய அம்மா பழனியாத்தாள் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொண்டாள். "ஆத்தா, இவ ஒரே வேலைல ஒரு வருசம் நெலச்சிட்டா, வர்ற நோம்பிக்கு இவளையே பூவோடு எடுக்க வெக்கறேன்." நோம்பி என்பது ஊர்த் திருவிழா. பூவோடு என்பது கையில் ஏந்தும் நெருப்புச் சட்டி.

"ஏம்மா, வேண்டறது நீயி, கை சுடறது எனக்கா?" என்றாள் புவனா.

"கால் நிக்காதது எனக்கா, உனக்கா கண்ணு?"

அதற்குப் பிறகுதான் அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனாள். 1996ஆம் வருஷம். தைத்து முடித்த சட்டையை மேஜையில் விரித்து, நூல் பிரிந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். செக்கிங் என்பார்கள். அந்த வேலையில் அவள் நிலைப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அவளை உட்காரவைத்த இடம் பிரிண்ட் மேஜை. படம் அச்சிட்ட சட்டைகள் மட்டும் அங்கே வரும். ஒரு லாட்டில் மீன், அடுத்த லாட்டில் பனிமலை, அதற்கடுத்து யாரோ ஒரு கிழவனின் தொப்பி. உட்கார்ந்த இடத்திலேயே ஊர் ஊராகப் போக முடிந்தது. ஒரு வருஷம் ஓடியது அவளுக்கே தெரியவில்லை. பழனியாத்தாளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம் சித்திரையில் அந்த ஆர்டர் வந்தது. இங்கிலாந்தில் சட்டை வாங்குகிற ஒரு பையர். உலகத்தில் மே மாதம் நடக்கும் விசித்திரமான திருவிழாக்கள், சட்டைக்கு ஒன்றாக. எல்லாம் வெள்ளைச் சட்டை. மே முடிவதற்குள் அங்கே கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் விமானத்தில் அனுப்புவதாக ஏற்பாடு. அதனால் மே தினத்துக்கும் லீவு இல்லை. ஆளுக்கு ஒரு லட்டுக் கொடுத்து வேலை வாங்கினார்கள்.

பையரின் ஆளாகக் கோயமுத்தூரிலிருந்து ஆல்வின் என்பவர் வந்து போவார். படத்துக்கு அர்த்தம் கேட்டால் சொல்லுவார்.

"இதென்னங் சார், மலை மேல இருந்து எல்லாரும் உருண்டு உளுகறாங்க?"

"முன்னாடி உருளுது பாருங்க, அது பாலாடைக் கட்டி. அதைப் புடிக்கறதுக்கு ஓடறாங்க. மொதல்ல கீழ வந்து சேர்றவங்களுக்கு அந்தக் கட்டியே பரிசு."

பக்கத்து மேஜைக் காளியாத்தாள் கையை நிறுத்தினாள். புவனாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். "எதுக்குங்க இத்தன கஷ்டம்? கீழயே நின்னுட்டிருந்தா அது தானா வந்து சேருமில்லீங்க?"

"அப்புறம் நோம்பி எங்கீங்க்கா இருக்குது?" என்றார் ஆல்வின்.

இன்னொரு சட்டையில் இத்தாலிக்காரர்கள் ஒரு புனிதரின் சிலை மேல் உயிருள்ள பாம்புகளைப் போட்டு ஊர்வலம் போனார்கள். அது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் அவர்கள். ஹாங்காங் பக்கத்துத் தீவில் பன் ரொட்டிகளை அடுக்கிக் கோபுரம் கட்டி அதில் ஏறினார்கள். தாய்லாந்தில் மழை வேண்டி மூங்கிலில் பெரிய வாணம் செய்து வானத்துக்கு விட்டார்கள். மேலே போகாத வாணத்தைச் செய்தவனைச் சேற்றில் தள்ளினார்கள். "நாம ஆத்தாகிட்டக் கெஞ்சறோம், அவிங்க வானத்தையே சுட்டுப்போடறாங்க" என்றாள் காளியாத்தாள். அன்று முழுவதும் புவனா வாணம் விட்ட ஊரிலேயே இருந்தாள்.

அந்த வாரம்தான் அவள் ஊரில் நோம்பி சாட்டி அறிவித்துக் கம்பம் நட்டார்கள். மூன்று கவையாகக் கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து மாரியம்மனுக்கு முன்னால் நடுவதுதான் கம்பம். அது அம்மனின் புருஷன். காலையில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், மாலையில் ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். கம்பம் இருக்கும்வரை ஊரில் எண்ணெய் காயவைத்துத் தாளிக்க மாட்டார்கள். காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் தங்கக்கூடாது, காப்பை அவிழ்க்கவும் கூடாது. பூவோடு எடுக்கப்போகும் புவனாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் காப்பாகக் கட்டினார்கள். காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது கயிறு நனையும். பழனியாத்தாள் விடாமல் அதன் மேல் புதிதாக மஞ்சளைத் தேய்த்தும் அனுப்புவாள். புவனா அதன் மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

ஒரு நாள் மேஜைக்கு வந்தது அந்த ஆர்டரின் கடைசி லாட். படத்தில் இங்கிலாந்து நாட்டுப் புல்வெளி, நடுவில் உயரமான மரம், அதன் உச்சியிலிருந்து கலர் கலராகத் தொங்கும் நாடாக்கள். ஆளுக்கு ஒரு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணும் சுற்றி வருகிறார்கள்.

"அட, இவிங்களும் கம்பம் நட்டிருக்காங்கடி!" என்றாள் காளியாத்தாள்.

"கவையக் காணமே" என்றாள் புவனா.

"அங்கெல்லாம் கவை மரம் கெடைக்கலையாட்ட இருக்குது."

"தண்ணி ஊத்தறாங்களான்னு பாருங்க்கா."

"அவிங்க ஊர்ல எப்பவுமே மழையாமா. இவிங்க வேற ஊத்தோணுமா?"

மேஜை முழுவதும் சிரித்தது. புவனா சிரித்துக்கொண்டே சட்டைகளை வேகமாகத் தள்ளினாள். தகரக் கூரை காய்ந்தது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிட்டது. கைக்குட்டைக்குள் வியர்வை ஊறுவது அவளுக்குத் தெரியாமலில்லை. இந்த அடுக்கு முடியட்டும், பிழிந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுக்கு முடிந்தபோது திரும்பிப் பார்த்தாள். அவள் கை பட்ட சட்டைகளில், நாடா பிடித்த பெண்ணின் காலடியில், வெளிர் மஞ்சளாக ஒரு தீற்றல்.

மஞ்சள் கறையில் சோப்புப் போடக்கூடாது. இது அந்த மேஜையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். புவனாவுக்கும் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது மனதுக்கு வருவதற்குள் கை குழாயடிக்குப் போய்விட்டது. இரண்டு சட்டைகளைச் சோப்பில் முக்கி எடுத்தாள். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது.

"ஏண்டி, ஒரு நிமிசம் நிக்க மாட்டியா நீயி!" என்று காளியாத்தாள் ஓடி வந்து சோப்பைப் பிடுங்கினாள். அவளுக்குப் பின்னாலேயே மேனேஜர் அருள்குமார் வந்தான். புவனாவைவிட இளையவன். காங்கயம் பக்கத்து விவசாயக் குடும்பம். சட்டைகளைப் பார்த்தான், அவள் மணிக்கட்டைப் பார்த்தான், மறுபடி சட்டைகளைப் பார்த்தான்.

"காப்பா?"

"ஆமாங் சார்."

"அக்கா, அவுக்கச் சொல்லி எ வாயால சொல்ல மாட்டேன். எங்கூர்லயும் மாரியாத்தா இருக்குது. ஆனா வெள்ளப் பீஸ் மேல இந்தக் கை வரக்கூடாது. நோம்பி முடிஞ்சு வாங்க. உள்பனியன் செக்சன்ல உக்காந்துக்கலாம்."

"பிரிண்ட் மேஜை?"

"அதுக்கு வேற ஆளப் போட்டுருவேன்."

உள்பனியன் என்றால் படம் கிடையாது. கருஞ்சாம்பல், மறுபடி கருஞ்சாம்பல். புவனாவின் குதிகால் ஏறி இறங்கியது. "கறைய நானே எடுத்துக் குடுத்தர்றேனுங் சார். எடுத்துட்டா எம் மேஜை எனக்கு வேணும்."

"மொதல்ல எடுங்க. பொறகு பேசலாம்" என்றான். அது சம்மதமா இல்லையா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

மஞ்சளை எடுப்பதற்கு வெயிலைத் தவிர வேறு வழியில்லை. பச்சைத் தண்ணீரில் அலசி, கம்பெனி மொட்டை மாடியில் கயிறு கட்டிச் சட்டைகளைத் தொங்கவிட்டாள். காப்புக் கையைச் சேலைத் தலைப்பால் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் வேலை செய்தாள். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. அதுதான் அவளால் முடியாத காரியம். ஒரு சட்டையைத் தொட்டுப் பார்ப்பாள், அடுத்ததைத் திருப்பிப் போடுவாள், கைப்பிடிச் சுவர்வரை நடந்து பல்லடம் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்ப்பாள், திரும்பி வந்து முதல் சட்டையையே தொடுவாள். மே மாத வெயிலை யாரும் அவசரப்படுத்த முடியாது. அது தன் வேலையைத் தன் வேகத்தில் செய்தது.

காற்றில் எல்லாச் சட்டைகளும் ஆடின. எல்லாவற்றிலும் அந்த மரம், அந்த நாடாக்கள். நாடாவை அவர்கள் கையில்தான் பிடித்திருந்தார்கள். வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் படத்தில் ஒருவரும் விடவில்லை. புவனா தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடையது முடிச்சுப் போட்டது. பிடித்திருப்பதற்கும் கட்டப்பட்டிருப்பதற்கும் வித்தியாசம் உண்டா என்று அவள் யோசித்திருக்கலாம். யோசித்தாலும் நீண்ட நேரம் யோசித்திருக்க மாட்டாள். அடுத்த சட்டையைத் திருப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆல்வின் வந்து சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை இருந்த இடமே தெரியவில்லை. சோப்புப் போட்ட இரண்டில் மட்டும் பழுப்பாக ஏதோ மிச்சம் இருந்தது. அவற்றை ஓரமாக வைத்தார். மற்றவை பெட்டிக்குப் போயின, பெட்டிகள் விமானத்துக்குப் போயின.

"பாத்தீங்களாங் சார்" என்றாள் புவனா, பக்கத்தில் நின்ற அருள்குமாரிடம்.

"ரெண்டு நிக்குதேக்கா. வெயிலுக்கே உட்டதெல்லாம் போயிருச்சு. உங்க கை அவசரப்பட்டுச் சோப்புப் போட்டது நின்னுருச்சு" என்றான் அருள்குமார். கடுமையாகச் சொல்லவில்லை. உண்மையும் அதுதான். அவள் பஸ் ஏறினாள்.

நோம்பி நடந்தது. பூவோட்டை ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தபோது அவள் கால் ஓடப் பார்க்கவில்லை என்று பழனியாத்தாள் ஊரெல்லாம் சொன்னாள். நெருப்பைக் கையில் வைத்திருக்கும்போது யார்தான் ஓடுவார்கள்? கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் மஞ்சள் நீராட்டு. மயில்சாமியும் அன்று தறியை நிறுத்திவிட்டு வந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் கொட்டினான்.

"இனி உன்ற இஷ்டம் அம்மணி" என்றாள் பழனியாத்தாள். "வேண்டுதல் தீந்துது. போறதுன்னாலும் ஆத்தா கேக்க மாட்டா."

இதுவரை புவனாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போகாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஈரத் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். எங்கே போவது என்று ஒரு ஊர்கூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த மேஜைதான் வந்தது.

மறுநாள் காலையில் அவள் உள்பனியன் செக்சனில் உட்கார்ந்தாள். விரித்தாள், பார்த்தாள், தள்ளினாள். விரித்தாள். எதிர்ச்சுவரும் சாம்பலாக இருந்தது. டீ நேரத்துக்கு முன்பே எழுந்துவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்த காளியாத்தாள், "கெளம்பிட்டா பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

புவனா வாசல் பக்கம் போகவில்லை. மேனேஜர் ரூமுக்குப் போனாள்.

"சார், வேலைய உட்டுப் போறேன்னு சொல்ல வரலீங்க. எம் மேஜையக் கேக்க வந்தேன். அடுத்த வருசம் காப்புக் கட்டுனா அத்தன நாளும் லீவு போட்டுர்றேன். ஊர் ஊரா எல்லாருத்து நோம்பிக்கும் சட்டை அனுப்பறோம். எங்கூர் நோம்பிக்கு எனக்கு லீவு குடுங்க, அது போதும். அந்த ரெண்டு பீஸ் எந் தப்புதான். ஒரு நிமிசம் நின்னிருக்கோணும், நிக்கல."

அருள்குமார் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். "கையக் காட்டுங்க."

காட்டினாள். உள்ளங்கை, ரேகை, நகக்கண், எல்லாம் நேற்றைய மஞ்சள்.

"இதோட எப்படீங்க்கா வெள்ளப் பீஸத் தொடுவீங்க?"

"ரெண்டொரு நாள்ல வெளுத்துருமுங் சார்."

"வெளுத்ததும் வாங்க. மேஜை இருக்கும்." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டே சொன்னான்: "ஆனா அது வெளுக்கறதுக்குள்ள நீங்க அக்கட்டால இன்னொரு கம்பெனில இருப்பீங்க. நா பாக்காததா?"

மத்தியானம் சோற்று நேரத்தில் காளியாத்தாள் அவளைத் தேடினாள். செக்சனில் இல்லை, குழாயடியில் இல்லை. சரிதான், போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடத் தூக்குப்போசியோடு மாடிப்படி ஏறினாள். சட்டைகளை அவிழ்த்துவிட்ட பிறகும் கயிறு அங்கேயே கிடந்தது. அதற்கு அடியில், உச்சி வெயிலில், இரண்டு கைகளையும் விரித்து வானத்துக்குக் காட்டியபடி புவனா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி இது, பைத்தியமாட்ட?"

"சோப்புப் போடலீங்க்கா" என்றாள் புவனா, திரும்பாமல்.

சுட்ட தரையில் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தாள். கைகள் அசையவில்லை.