சொந்த விருப்பத்தின் பேரில்

டிப்ளமோ முடித்த கையோடு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு ஆரம்பாக்கத்தில். மாலை ரயிலை விட்டு இறங்கினால் அப்பா பைக்கோடு வெளியே நிற்பார். "நானே நடந்து வந்துடறேம்பா" என்றால் சிரிப்பார். மறுநாளும் நிற்பார். வேலை செய்யும் இடத்தில் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள்.

இருபது வயது முடிந்ததும், கம்பெனி பக்கத்தில் இரண்டு தோழிகள் எடுத்திருந்த அறையில் நானும் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். அப்பா காதில் விழாத மாதிரி டிவியைப் பார்த்தார். "கல்யாணம் ஆகி போனா போதும்" என்றாள் அம்மா. ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து ரயில் ஏறாமல் அந்த அறைக்குப் போனேன். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு, பயத்தில் போனை அணைத்தேன்.

காலையில் போனை மறுபடி போட்டதும் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. மகளைக் காணோம் என்று அப்பா புகார் கொடுத்திருந்தார். நேரில் வரச் சொன்னார்கள்; போனேன்.

"யாரும்மா கூட்டினு போனது?" என்று கேட்டார் பெண் எஸ்.ஐ.

"யாரும் இல்ல மேடம். நானாதான் போனேன்."

"லவ்வா?"

"இல்ல மேடம்."

"ஊட்ல அடிக்கிறாங்களா? மாப்ள பாத்து தொந்தரவு பண்றாங்களா?"

"அதெல்லாம் இல்ல."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அப்போ இன்னாதாம்மா பேஜாரு உனக்கு?"

அப்பா தினமும் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறார் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே அது அற்பமாகப் பட்டது. நிறுத்திக்கொண்டேன். சுவரோர பெஞ்சிலிருந்து அப்பா, என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டார்: "நான் இன்னா கொற வெச்சேன் மேடம்?"

எஸ்.ஐ. என் ஆதார் அட்டையைப் பார்த்தார். "பதினெட்டு தாண்டிச்சுன்னா மேஜருங்க. எங்க இருக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நாங்க இழுத்துனு வந்து உங்ககிட்ட உட முடியாது."

"கல்யாணம் ஆகாத பொண்ணுங்க."

"ஆகலன்னாலும் சட்டம் அதாங்க."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. சண்டை போடத் தயாராக வந்திருந்தேன்; என்னை யாரும் தடுக்கவில்லை. சொந்த விருப்பத்தின் பேரில் தனியாக வசிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அந்த விருப்பம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வெளியே வந்ததும் அப்பா பைக்கை எடுத்தார். வழக்கம்போல எனக்காகப் பின்பக்க ஃபுட்ரெஸ்டைக் காலால் கீழே தள்ளினார். பிறகுதான் நினைவு வந்தவர்போல அப்படியே நின்றார். ஏறுவதா, பஸ்ஸுக்குப் போவதா என்று நானும் நின்றேன். கடைசியில் ஏறிக்கொண்டு, "ரூம்ல உட்டுடுப்பா" என்றேன். அவருக்கு வழி தெரியாது. லெஃப்ட், ரைட் என்று நான் சொல்லச் சொல்ல ஓட்டினார். தெருமுனையில் இறக்கிவிட்டு, "எந்த ஊடு?" என்றார். கை காட்டினேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் அந்த அறையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பாக்கம் போகிறேன். அப்பா ஸ்டேஷனுக்கு வருவதில்லை. போன வாரம் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது பெரியம்மா கேட்டாள்: "கம்பெனி ஹாஸ்டல்ல சாப்பாடுலாம் எப்பிடி?"

அப்பா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல பெரிம்மா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவருக்காகச் சொன்னேனா எனக்காகவா தெரியவில்லை. புதன்கிழமை மீன் குழம்பு போடுவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.