பிராசசரைத் தூங்க விடுவதா

அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும், அதற்கு முன் தன் பாட்டுகளைப் பதிவு செய்துவிட வேண்டும் என்றாள். கோயில் பாடகர் குழுவில் பல வருடங்களாகப் பாடுகிறவள். உப்பளம் பகுதியில் இருக்கும் என் வீட்டு முன்னறையில், என் கம்ப்யூட்டரில் பதிவைத் தொடங்கினோம்.

முதல் பாட்டின் நடுவிலேயே ‘டிக்’கென்று ஒரு சத்தம் விழுந்தது. மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன். போகவில்லை.

அக்கா வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடி கம்பெனி ஒன்றில் மெஷின் பராமரிப்பவர். கேட்டதும் சொன்னார்: “வேல இல்லன்னா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற பிராசசர் தூங்கிடும், கரண்ட் மிச்சமாவறதுக்கு. அது முழிக்கிறப்போதான் இந்தச் சத்தம். செட்டிங்ல போயி தூங்காதபடி பண்ணிடு.”

சாரம் பகுதியில் கம்ப்யூட்டர் வாங்கின கடைக்காரரிடம் கேட்டேன். “அதுல மட்டும் கை வெக்காதீங்க சார். சூடு ஏறி சீக்கிரம் போயிடும்.”

“அப்ப சத்தத்துக்கு என்ன பண்றது?”

“அது வேற ஏதாவதா இருக்கும்.”

இருவர் பேச்சும் சரியாகத்தான் பட்டது. ஆபரேஷனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பயந்துகொண்டே அந்தத் தூங்கும் வசதியை நிறுத்தினேன். டிக் சத்தம் நின்றது. ஆனால் சூட்டுக்கு ஃபேன் வேகமெடுத்தது. போட்டுக் கேட்ட அக்கா, “பின்னால யாரோ மூச்சு வுடறாப்ல இருக்குடா” என்றாள்.

பழையபடி தூங்க விட்டேன். மூன்று பாட்டுகள் சுத்தமாக வந்தன. அப்படியானால் முதலில் வந்த சத்தம் எதனால்? நான்காவது பாட்டில் திரும்ப வந்தது. மறுபடி செட்டிங்கைத் திறந்து நோண்ட ஆரம்பித்தேன்.

“உன் ஆராய்ச்சியெல்லாம் அப்பறம் வெச்சிக்க. இன்னும் ஆறு பாட்டு இருக்கு, எனக்குத் தொண்ட வலிக்குது” என்றாள் அக்கா.

தூங்கும் வசதியை மறுபடி நிறுத்தினேன். கம்ப்யூட்டர் பெட்டியை அடுத்த அறைக்குத் தள்ளி, கதவைச் சாத்தி, மைக் வயரைக் கதவடியில் விட்டேன். ஆறு பாட்டும் முடிந்தன. கடைசிப் பாட்டில் அவள் குரல் கொஞ்சம் கம்மியது. அதை மாற்ற வேண்டாம் என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேசுகிறாள்; பாட இன்னும் ஆரம்பிக்கவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் மறுபடி தூங்க விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்கடி அந்த செட்டிங் பக்கத்தைத் திறக்கிறேன், பார்க்கிறேன், எதையும் மாற்றாமல் மூடிவிடுகிறேன்.